வசனத்துக்கும் அயலட்டை உண்டு: வேதத்தை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் ஒரு சிறிய வேதபாடக் கூட்டம் நடக்கிறது. பன்னிரண்டு பதினைந்து பேர் வருவார்கள். திருக்கடலூரில் இருந்து கடல் தொழில் செய்பவர்கள், உவர்மலைப் பக்கத்து ஆசிரியர்கள், பாலையூற்றில் இருந்து ஒரு கத்தோலிக்க அக்கா, உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சிலர். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கதிரை போடுகிறவன், தேத்தண்ணி ஊற்றுகிறவன், அத்தோடு கேள்விகளைக் குறித்து வைக்கிறவன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நாங்கள் பேசிப் பேசி வந்து சேர்ந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மேற்கோள்கள் பழைய திருப்புதலில், அதாவது சபைகளில் வழக்கமாக வாசிக்கிற பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் இருந்து.

வருடப் பிறப்பு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. அது எனக்கான வசனம்தானே?

டிசம்பர் 31 இரவு தட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அட்டை எடுக்காத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்கிறாரா என்ன! எங்கள் வீட்டு அலுமாரியில் இருபது வருட அட்டைகள் ஒட்டியிருக்கின்றன. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை, அட்டை சின்னதாக இருப்பதுதான்.

"நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வரி, எருசலேமில் இருந்து பாபிலோனுக்குப் போன ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. ஊரில் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தைய வசனத்தைப் பாருங்கள்: திரும்பி வருவதற்கு எழுபது வருடம் ஆகும் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்கள் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. அதற்கும் மேலே, ஐந்தாம், ஆறாம் வசனங்களில், அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு, கலியாணம் செய்து பிள்ளை பெறு என்கிறார். ஏழாம் வசனம் இன்னும் கடினம்: உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அதே பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள்.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள். இந்த அதிகாரத்தை முழுவதாக வாசித்த அன்று மூதூர்ப் பக்கத்து அண்ணர் ஒருவர் சொன்னார்: "முகாமில் நான் ஒரு முருங்கைக் கம்பு நட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், நாளைக்கே ஊருக்குப் போகப்போகிறோம் என்று. மூன்று வருடம் காய் பிடுங்கினோம்." அட்டையில் இருந்த வரியை விட, அட்டையில் இல்லாத ஐந்தாம் வசனத்தை அவர் அறியாமலே செய்திருந்தார்.

அதனால் என் பதில்: ஓம், அது உங்களுக்கும்தான். ஆனால் தனியாக வராது. எங்கள் ஊரில் ஒரு வீட்டைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அயலட்டையில் விசாரிப்போம் இல்லையா? வசனத்துக்கும் அயலட்டை உண்டு. மேலே பத்து, கீழே பத்து விசாரித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள்.

அப்படியென்றால் பழைய ஏற்பாட்டு வாக்குத்தத்தங்கள் ஒன்றும் எங்களுக்கு இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. முகவரி வேறொருவருடையது, கடிதத்தை எழுதியவர் எங்களுக்கும் தகப்பன். அண்ணனுக்கு அப்பா எழுதிய கடிதத்தைத் தம்பி வாசித்தாலும் அப்பாவின் மனம் விளங்கும். ஆனால் அண்ணனுக்கு வாங்கித் தருகிறேன் என்ற சைக்கிளைத் தம்பி கேட்க முடியாது.

"எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று என் மகன் பேனைப் பெட்டியில் எழுதியிருக்கிறான். பரீட்சைக்கு இது பொருந்துமா?

பிலிப்பியர் 4:13. அப்போஸ்தலர் பவுல் காவலில் கட்டப்பட்டிருந்தபோது எழுதியது. முந்தைய வசனத்தில், தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். ஆக, அவர் பெலன் கேட்டது வெல்வதற்காக இல்லை. எது வந்தாலும் முறியாமல் நிற்பதற்காக. 'மூன்று ஏ' வந்தாலும் பொருந்தும், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறினாலும் பொருந்தும். இரண்டாவது சந்தர்ப்பத்தில்தான் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மகன் எழுதியதை அழிக்க வேண்டாம். பெறுபேறு வருகிற அன்று அதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ரியூசனையும் விட வேண்டாம்.

குழுக் கடனில் மற்றப் பெண்களுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருத்தி கட்டவில்லை. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்பதால் நான்தான் கட்ட வேண்டுமா?

எங்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாக அதிகம் வருவது நோயும் இல்லை, பேயும் இல்லை, கிழமைக் கடன்தான். நாலைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கிற கடன். வசூலிக்க வருபவர் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது பின்பக்கத்தால் ஓடி ஒளிகிற அம்மாமாரை நான் கண்டிருக்கிறேன்.

வேதாகமம் பிணை நிற்பதைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. அதுவும் கொஞ்சம் கோபமாக. நீதிமொழிகள் 6:1 முதல் 5 வரை வாசியுங்கள். சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டிருந்தால் தூங்காதே. போய் உன்னைத் தாழ்த்தி அவனை வருந்திக் கேள். வேட்டைக்காரன் கைக்கு வெளிமான் தப்புவதுபோலத் தப்பு என்கிறது. "ஜெபித்துவிட்டுச் சும்மா இரு" என்று அங்கே இல்லை, கவனித்தீர்களா? ஆகவே முதல் வேலை, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நீங்களே போவது. கத்தப் போக வேண்டாம், கணக்குப் பார்க்கப் போங்கள்.

கலாத்தியர் 6:2 பாரத்தைச் சுமக்கச் சொல்கிறது, உண்மை. மூன்று வசனம் கீழே, 6:5 இல், "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்றும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று முரணா? இல்லை. கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது ஆளை அமுக்கும் சுமை, இரண்டாவது ஒவ்வொருவரும் தூக்கிப் போகிற மூட்டை. கணவனைக் கடலில் இழந்ததால் கட்ட முடியாதவளின் கடன் முதல் வகை. புதுத் தொலைக்காட்சி வாங்கிவிட்டுக் கட்டாதவளின் கடன் இரண்டாவது வகை. எது எது என்று உங்களுக்குத்தான் தெரியும், அயலில் இருக்கிறீர்களே.

சட்டப்படி நீங்கள் போட்ட கையெழுத்து உங்களைக் கட்டும். வசனம் காட்டி அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. ஆனால் இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. 2 இராஜாக்கள் 4 இல் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் கடன்காரன் அடிமைகளாகப் பிடித்துக்கொள்ள வருகிறான். எலிசா தீர்க்கதரிசி அவளிடம் கேட்ட கேள்வி: "வீட்டில் என்ன இருக்கிறது?" ஒரு குடம் எண்ணெய். பிறகு அயலவர்களிடம் வெறும் பாத்திரங்கள் இரவல் வாங்கி வரச் சொல்கிறார். அற்புதத்தை ஆண்டவர் செய்தார், பாத்திரங்களைக் கொடுத்தது அயலட்டை. கடைசியில் எண்ணெயை விற்றுக் கடனைக் கட்டு, மிஞ்சியதில் சீவனம்பண்ணு என்கிறார். சபை என்று ஒன்று இருந்தால் இந்த இடத்தில்தான் தெரிய வேண்டும். நாங்கள் இரண்டு தடவை கொப்பியும் பேனையுமாக இருந்து ஒரு வீட்டின் கடன்களை வரிசைப்படுத்தியிருக்கிறோம். அதுவும் வேதபாடம்தான் என்பது என் கட்சி.

காற்று, கடல் கொந்தளிப்பு என்று எச்சரிக்கை வந்தாலும், விசுவாசம் இருந்தால் தொழிலுக்குப் போகலாமா?

கூடாது. வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால் வள்ளத்தை ஏற்றி வையுங்கள்.

அப்போஸ்தலர் 27 எங்கள் கரைக்கே எழுதியதுபோல இருக்கும். "உபவாசநாளும் கழிந்துபோனபடியினாலே" யாத்திரை மோசம் வரும் என்று பவுல் எச்சரிக்கிறார். யூதரின் அந்த உபவாச நாள் செப்டெம்பர், அக்டோபரில் வருவது. ஏறக்குறைய எங்களுக்குச் சோழகம் (தென்மேற்குக் காற்று) முடிந்து வாடை (வடகிழக்குக் காற்று) திரும்புகிற காலம். பவுலைக் கைதியாகக் கொண்டுபோன ரோம நூற்றுக்கதிபதி அவரை விட்டுவிட்டு மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான், கப்பல் உடைந்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பவுல் அதற்கு முன்பே மூன்று தடவை கப்பற்சேதத்தில் அகப்பட்டவர் (2 கொரிந்தியர் 11:25). மனிதர் பட்டறிவில் பேசியிருக்கிறார்.

"தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள்" என்ற 91ஆம் சங்கீதத்தை எடுத்து, தேவாலயத்து உப்பரிகையில் இருந்து குதி என்று இயேசுவிடம் சொன்னது யார் என்று ஞாபகம் இருக்கட்டும் (மத்தேயு 4:6). வசனம் சரியானதுதான். பாவித்தவன் பிசாசு.

சுனாமியில் போனவர்கள் பாவம் செய்தவர்களா? "சகலமும் நன்மைக்கு" என்றால் அந்த நன்மை எங்கே?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். பிள்ளைகள் புது உடுப்போடு இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில், இது கடவுளின் தண்டனை என்று மேடை போட்டுப் பேசியவர்கள் இருந்தார்கள். லூக்கா 13:4 ஐ அவர்கள் வாசித்திருக்க மாட்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும் விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அல்ல என்று தானே சொல்கிறார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது.

இரண்டாவது கேள்வியில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சுனாமி முடிந்து சில வாரத்தில், இரண்டு பிள்ளைகளை இழந்த தாய் ஒருவரிடம் இந்த "சகலமும் நன்மைக்கு" வசனத்தை, ரோமர் 8:28 ஐச் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான். அவர் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். அதன்பின் பல வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் மேலே என்ன இருக்கிறது என்று நான் அன்று பார்த்திருக்க வேண்டும்: ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார். கடவுளே வார்த்தையில்லாமல் பெருமூச்சு விடுகிற இடத்தில் நான் வசனம் சொல்லிக்கொண்டு நின்றேன். 8:28 துக்கப்படுகிறவர் தானாகச் சொல்ல வேண்டிய வசனம். பக்கத்தில் நிற்கிறவர் எடுத்து நீட்டுவதற்கில்லை. எங்களுக்குத் தரப்பட்டது ரோமர் 12:15: "அழுகிறவர்களுடனே அழுங்கள்."

பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பம் பொங்கல் தந்தால் சாப்பிடலாமா?

இந்த ஊரில் தப்ப முடியாத கேள்வி. ஒரு பக்கம் கோணேசர் கோயில் மணி, மறுபக்கம் பள்ளிவாசல் பாங்கு, நடுவில் எங்கள் பாட்டு. தையில் பொங்கல் வரும், நோன்பு காலத்தில் கஞ்சி வரும், பெருநாளுக்கு வட்டிலாப்பம் வரும். நத்தாருக்கு எங்கள் கேக் போகும். அவர்கள் யாரும் அதில் என்ன ஜெபம் செய்தீர்கள் என்று கேட்டதில்லை.

கொரிந்து பட்டணத்துக்காரருக்கும் இதே பிரச்சினைதான். கோயிலில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கும் விருந்துக்கும் வந்தது. பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் எடுத்துப் பதில் சொல்கிறார். ஒற்றை வசனத்தில் முடிக்கவில்லை. சுருக்கினால் இப்படி வரும்: விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே கடையில் வாங்குவதையும் விருந்தில் வைப்பதையும் விசாரியாமல் சாப்பிடு. ஆனால் வழிபாட்டிலேயே பங்கெடுக்காதே. இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. உன் சாப்பாட்டால் பலவீனமான சகோதரன் இடறினாலும் விட்டுவிடு. இவ்வளவுக்கும் முன்னால் முதல் வசனத்திலேயே ஒரு குட்டு வைக்கிறார்: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்."

எங்கள் வீட்டு நடைமுறை சொல்கிறேன். முற்றத்தில் பொங்கிக் கொண்டுவந்த பொங்கலை நான் சந்தோஷமாகச் சாப்பிடுவேன். கோயிலில் இருந்து வந்தது என்று சொல்லித் தந்தால் என் மனைவி, "குறை நினைக்க வேண்டாம் அக்கா, நாங்கள் அது எடுப்பதில்லை, இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லிவிடுவா. பக்கத்து வீட்டு அக்காவும் இப்போது எங்களுக்கென்று முதலே கொஞ்சம் எடுத்து வைத்துவிடுகிறா, படைக்காமல். முப்பது வருட அயல் அப்படித்தான் நடக்கிறது. வாங்கிவிட்டுப் பின்னால் குப்பையில் கொட்டுகிறவர்களை மட்டும் எனக்குப் பிடிக்காது. மூன்று அதிகாரத்திலும் அதற்கு அனுமதி இல்லை.

"மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்று இருப்பதால் அடித்தாலும் பொறுக்க வேண்டுமா?

இல்லை. எபேசியர் 5:22 ஐ வீட்டில் உரக்க வாசிக்கிற ஆண்களுக்கு 5:21 (ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்) கண்ணில் படுவதில்லை. 5:25 இல் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூரச் சொல்லியிருப்பதும் படுவதில்லை. மனைவிக்கு எழுதிய வரியை மனைவி வாசிக்கட்டும். ஆணுக்கு எழுதிய வரிகள் அதைவிடக் கூட, அதை முதலில் முடிக்கட்டும்.

மன்னிப்புப் பற்றியும் கேட்பார்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தாவீது மன்னித்தான், கையில் கிடைத்தபோதும் கொல்லவில்லை. ஆனால் சவுல் ஈட்டி எறிந்தபோது அங்கே இருந்து இன்னொன்றுக்குக் காத்திருக்கவில்லை; அன்று இராத்திரியே ஓடித் தப்பினான் (1 சாமுவேல் 19:10). இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதிவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. குடும்பத்தின் மானம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் அந்த இலக்கத்தைத் தங்கள் மகளுக்கென்று நினைத்துப் பார்க்கட்டும்.

காணாமல் போன மகனைத் தேடுகிற தாயிடம் "பின்னானவைகளை மறந்து" என்று சொல்லலாமா?

தயவு செய்து சொல்லாதீர்கள். பிலிப்பியர் 3:13 இல் பவுல் மறக்கிறது தன்னுடைய பெருமைகளை. குலம், கோத்திரம், படிப்பு. பிள்ளையை யாரும் மறக்கச் சொல்லவில்லை.

அந்தத் தாய்க்கு வேதத்தில் ஒரு தோழி இருக்கிறாள், பிரசங்கங்களில் அவளைப் பற்றிக் கேட்பது குறைவு. 2 சாமுவேல் 21 இல் ரிஸ்பாள். தூக்கிலிடப்பட்ட பிள்ளைகளின் உடல்களுக்குப் பக்கத்தில் பாறையில் இரட்டு விரித்து, அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் கிட்ட விடாமல் இருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் எழுதப்படவில்லை. செய்தி ராஜாவுக்குப் போனது. ராஜா எலும்புகளைச் சேர்த்து மரியாதையாக அடக்கம் பண்ணினான். அதற்குப் பின்புதான் தேசத்துக்கான வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. எந்த வரிசையில் நடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவா?

இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னது வைத்தியம் (1 தீமோத்தேயு 5:23). அவரோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். கூட வந்த துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்றும் பவுல் எழுதுகிறார். யாக்கோபு 5:14 இன்படி மூப்பர்களைக் கூப்பிட்டு ஜெபியுங்கள், கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்.

தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபமா?

தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒன்றை) கொண்டுவரச் சொல்கிற மல்கியா 3:10 ஐ வாசிப்பவர்கள் ஐந்து வசனம் மேலே போக வேண்டும். கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்களைப் பற்றி அங்கே இருக்கிறது. வேலைக்கு வந்த பிள்ளையின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு உறையில் காசு போடுவதில் அர்த்தமில்லை. கடனில் மூழ்கியிருப்பவரிடம் இதைச் சொல்லிப் பயம்காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது?

இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய திருப்புதல் மனப்பாடத்துக்கு இனிமை. ஆனால் பல சொற்கள் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. 1995 இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பாலையூற்று அக்கா கொண்டுவருவா. பவுலின் நீண்ட வசனங்கள் அதில் விளங்கிவிடும். ஒரு துணுக்கு: யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குக் கைகொடுத்தவர் ஆறுமுக நாவலர். சைவத்துக்காகக் கிறிஸ்தவர்களோடு வாதாடிய அதே நாவலர்தான்.

காலையில் கைத்தொலைபேசியில் வசனப் படம் வருகிறது. அது போதாதா?

பூ, சூரிய உதயம், நடுவில் ஒரு வசனம். எனக்கும் ஒரு நாளைக்கு எட்டு வருகிறது. வசனத்தின் இலக்கம் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். வந்த எட்டில் ஒன்றை எடுத்து, வேதாகமத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முன்னும் பின்னும் வாசித்துவிட்டு அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் அப்படித் தொடங்கிய பிறகு எனக்கு வருவது மூன்றாகக் குறைந்துவிட்டது. அந்த மூன்று பேரும் இப்போது செவ்வாய்க்கிழமை வருகிறார்கள்.